தோட்டம் நிறையப் பூ இருக்கிறது, ஒரு புழுகூட இல்லை. என்ன செய்வது?

மாடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். வீட்டு முன்னால் நாலடி அகலத்துக்கு ஒரு மண் பாத்தி, மேலே மொட்டைமாடியில் முப்பது தொட்டிகள். காகிதப்பூ, அடுக்குச் செம்பருத்தி, காஸ்மாஸ், டேபிள் ரோஸ் என்று வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டே இருக்கும். பட்டாம்பூச்சிகளும் வருகின்றன. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகின்றன. முட்டை, புழு, கூடு எதுவும் இதுவரை கண்ணில் பட்டதில்லை.

போன மாதம் என் மகள் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படித்துவிட்டு வந்து, "நம்ம வீட்டுல புழு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். இருவரும் அரை மணி நேரம் இலை இலையாகப் புரட்டினோம். ஒன்றுகூட இல்லை. ஓட்டை இல்லாத இலைகளைப் பார்த்து இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

மண்ணுக்குரிய செடிகளை வைத்தால் இது மாறும் என்கிறார்கள். உண்மைதானா? எதிலிருந்து தொடங்குவது? இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட வேண்டுமா?

வேலிப்பருத்தி எழுதியது:

அம்மா, உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். உங்கள் தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சிகள் தேன் குடிக்க வருகின்றன, குடியிருக்க வருவதில்லை. குடியிருக்கப் பூ போதாது, இலை வேண்டும். அதுவும் அதனதன் இலை.

வளர்ந்த பட்டாம்பூச்சி எந்த நாட்டுப் பூவிலும் தேன் எடுக்கும். புழு அப்படியில்லை. இலையைத் தின்னும் பூச்சிகளில் பத்தில் ஒன்பது, ஒரே குடும்பத்துச் செடிகளையோ அதிகம் போனால் இரண்டு மூன்று குடும்பங்களையோ மட்டும் நம்பி வாழ்பவை. காரணம் இலைக்குள் இருக்கும் நஞ்சு. செடி ஓட முடியாது, அதனால் தன் இலையைக் கசப்பாக்கி, பாலாக்கி, விஷமாக்கித் தற்காத்துக்கொள்கிறது. அந்த ஒரு நஞ்சைச் சமாளிக்கப் பழக ஒரு பூச்சிக்கு ஆயிரமாயிரம் தலைமுறைகள் ஆகியிருக்கும். கடல் தாண்டி வந்து நூறு இருநூறு வருடமே ஆன செடியின் இலையை எப்படிச் செரிப்பது என்று நம் பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. உங்கள் காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் இலை முழுசாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

எருக்கஞ்செடியில் நேற்றுக் காலை பார்த்ததைச் சொல்கிறேன். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு போட்டது, அரை விரல் நீளம் வளர்ந்திருந்தது. நேராக இலையைக் கடிக்கவில்லை. முதலில் அடியில் நடுநரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தது. பால் சொட்டுச் சொட்டாக அங்கேயே வடிந்தது. தலையைத் தூக்கித் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொறித்தது. கொஞ்ச நேரத்தில் இலை தொய்ந்து மடங்கியது. அப்புறம் அது நுனிப்பக்கம் நகர்ந்து, பால் வற்றிய பகுதியை நிம்மதியாகத் தின்னத் தொடங்கியது. மிச்சமிருக்கும் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை அடுத்த தடவை அதைத் தொடாது. வட அமெரிக்காவின் புகழ்பெற்ற மோனார்க் பட்டாம்பூச்சியும் எருக்கின் உறவுக்காரச் செடிகளை நம்பித்தான் வாழ்கிறது.

எதையும் இப்போது பிடுங்க வேண்டாம். முதலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வையுங்கள். கறிவேப்பிலை அழகி என்றே ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. அது வந்துவிடும்.

செம்மண் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இதில் கொஞ்சம் மிகை இருப்பதாகத் தோன்றுகிறது. என் தோட்டத்து ஓரத்தில் உண்ணிச்செடி புதராக வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டுச் செடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலை ஒன்பது மணிக்கு அங்கே போய் நின்றால் பத்து வகைப் பட்டாம்பூச்சியாவது மொய்க்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். தேன் கொடுக்கிற செடியை எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்து ஒதுக்குவது சரியா? செடிக்கும் எல்லைக்கோடு போட வேண்டுமா?

நிழல்மரம் எழுதியது:

> செடிக்கும் எல்லைக்கோடு போட வேண்டுமா?

செம்மண் அண்ணா, பிறந்த இடத்தை வைத்து யாரும் செடியை வெறுக்கவில்லை. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காஸ்மாஸ் வெளிநாட்டுச் செடிதான், ஆனால் பெரும்பாலும் வைத்த இடத்தோடு நின்றுவிடும். உண்ணிச்செடி நிற்காது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போடுகின்றன. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதற்கு இடம் உண்டு. காட்டுக்குள் அது படர்ந்த இடத்தில் கீழே புல் முளைப்பதில்லை. புல் இல்லையென்றால் மானும் மாடும் என்ன செய்யும்? உங்கள் வேலியில் பத்து வகைப் பட்டாம்பூச்சிக்குத் தேன் கொடுக்கிற அதே செடி, காட்டில் அவற்றின் புழுக்கள் தின்ன வேண்டிய செடிகளை மூடிவிடுகிறது.

இன்னொன்று. நாம் பட்டாம்பூச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பறவைகளை நினைத்துப் பாருங்கள். என் சன்னலுக்கு வெளியே தொங்கும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. தேன்சிட்டு என்பதால் குஞ்சுக்கும் தேனைத்தான் ஊட்டும் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வாயில் கொண்டுவந்ததெல்லாம் சின்னச் சிலந்தியும் பச்சைப் புழுவும்தான். குஞ்சு வளர்வதற்குப் புரதம் வேண்டும், தேனில் அது இல்லை. விதை தின்னும் பறவைகளில்கூடப் பல, குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும்.

அமெரிக்காவில் டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியலாளர் இதைப் பற்றிப் பல வருடமாகப் பேசிவருகிறார். சிக்கடீ என்ற, கைக்குள் அடங்கும் பறவை ஒரு தடவை பொரிக்கும் குஞ்சுகளை வளர்த்துக் கூட்டைவிட்டுப் பறக்கவைக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடிக்க வேண்டியிருக்கிறது. 2018இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வாஷிங்டன் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. தோட்டத்துப் பசுமையில் 70 விழுக்காட்டுக்கு மேல் அந்த மண்ணின் செடிகளாக இருந்த இடங்களில்தான் சிக்கடீயால் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. மற்ற தோட்டங்களும் பச்சையாகத்தான் இருந்தன. பறவைக்குத் தெரியும் வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புதுத்துளிர் எழுதியது:

அப்படியென்றால் எனக்குக் கவலையில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் நாட்டு ரகம்தான். நாட்டுத் தக்காளி, நாட்டு மிளகாய், நாட்டுப் பப்பாளி, எல்லாமே பழைய விதை. இது போதும்தானே?

வேலிப்பருத்தி எழுதியது:

தம்பி, பழைய விதையைக் காப்பாற்றுவது பெரிய காரியம், அதை விட்டுவிடாதே. ஆனால் நாட்டு ரகம் வேறு, மண்ணுக்குரிய செடி வேறு. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. நீ சொன்ன மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை, 1492இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதற்குப் பிறகுதான் கடல் தாண்டின. இங்கே பல தலைமுறையாக விதைத்து விதைத்து நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய ரகங்களை "நாட்டு" என்கிறோம். ஒட்டு விதைக்கு எதிர்ச்சொல்லாக அது சரியான சொல். பூச்சியின் கணக்கு அதைவிட நீளமானது. நம் பேச்சோடு கலந்துவிட்ட புளியமரம்கூட ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்ததுதான்.

காய்கறியைக் காய்கறிக்காக வை. அதன் ஓரத்தில் தும்பை முளைத்தால் களை என்று பிடுங்காமல் விடு. அந்த வெள்ளைப் பூவின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பார், எத்தனை வகைத் தேனீ வருகிறது என்று தெரியும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கே செடியின் பெயரை வைத்தவர்கள் நம் முன்னோர். எந்த நிலத்தில் எது வளரும் என்பதை அவர்கள் முதலில் பார்த்தார்கள். நீயும் உன்னைச் சுற்றிப் பார். யாரும் நடாமல் வேலியோரத்திலும் குளக்கரையிலும் தானாக வளர்ந்து நிற்பது எது? அதிலிருந்து தொடங்கு. ஆனால் தானாக வளர்வதெல்லாம் நம்முடையது என்றும் எடுத்துக்கொள்ளாதே, சீமைக்கருவேலமும் தானாகத்தான் வளர்கிறது.

கூழாங்கல் எழுதியது:

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யாருக்கும் இது நடக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்றுப் பண்ணையில் ஈஸ்வரமூலி என்று சொல்லி ஒரு கொடியைக் கொடுத்தார்கள். உடல் சிவப்பாக இருக்கும் கறுப்புப் பட்டாம்பூச்சிகள் அதில்தான் முட்டையிடும் என்று படித்திருந்ததால் ஆசையாக வாங்கிவந்தேன். கொடி வேகமாகப் படர்ந்தது. பட்டாம்பூச்சி வந்தது, முட்டையும் இட்டது. நாங்கள் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினோம். புழு பொரிந்து இரண்டு நாள் இலையைச் சுரண்டியது. மூன்றாம் நாள் எல்லாம் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. மறுபடி முட்டை, மறுபடி அதே கதை. மூன்று தடவை நடந்த பிறகுதான் பூப்பூத்தது. உள்ளங்கை அகலத்துக்கு, செம்பழுப்புத் திட்டுத் திட்டாக. ஈஸ்வரமூலியின் பூ சின்னதாக, வெளிறிய பச்சையில், புகைக்குழல் போல வளைந்திருக்கும். எனக்குக் கொடுத்தது அழகுக்காக வளர்க்கும் தென் அமெரிக்க உறவுக்கொடி.

வாசனையை வைத்துத் தாய்ப்பூச்சி ஏமாந்துவிடுகிறது. தன் செடிதான் என்று நம்பி முட்டையிடுகிறது. புழுவுக்கு அந்த இலை விஷம். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சி இதே உறவுக்கொடியாலும் அடி வாங்கியது. அங்கே தோட்டம் தோட்டமாக அதைப் பிடுங்கிவிட்டு, காட்டில் இருந்த உண்மையான கொடியை நட்டுப் பரப்பினார்கள்.

அன்று சாயங்காலமே வேரோடு தோண்டி எடுத்தேன். நாம் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அது ஒரு பொறியாக இருந்திருக்கிறது என்பதை இன்றும் தாங்க முடியவில்லை. தயவுசெய்து தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஈஸ்வரமூலி என்றால் அரிஸ்டோலோக்கியா இண்டிகா. அதே பட்டாம்பூச்சிகளுக்கு உதவும் இன்னொரு செடியான ஆடுதின்னாப்பாலை என்றால் அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இலைப்புழு எழுதியது:

கூழாங்கல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சரியாக இருந்தாலும், கன்றுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். விற்பனைக்கு இலை பளபளப்பாக இருக்க வேண்டும் என்று செடிக்குள்ளேயே ஊறிப் பரவும் பூச்சிக்கொல்லிகளைக் கொடுப்பது உண்டு. அது இலையில் மட்டுமல்ல, தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது, முதன்மையாகத் தேனீக்களை முன்னிட்டு. முடிந்தவரை விதையிலிருந்து வளர்ப்பதுதான் நிம்மதி.

வேப்பெண்ணெய் இயற்கையானது, தெளித்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கும் ஒரு சொல். இயற்கையானதுதான், ஆனால் தெளித்த இலையைத் தின்னும் புழுவையும் அது விடாது. பட்டாம்பூச்சிக்காக வைத்த செடியில் எதையும் தெளிக்காதீர்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால், அதைத் தின்னும் பொறிவண்டு வரும் வரை பொறுத்திருங்கள். பொறுக்க முடியவில்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போதும்.

மாடிக்காரி எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கறிவேப்பிலை வாங்கிவிட்டேன், மருந்து அடிக்காதது என்று விசாரித்துத்தான்.

வீட்டில் சில கேள்விகள் எழுந்திருக்கின்றன. மாமியார், "எருக்கும் புல்லும் வளர்த்தால் பாம்பு வரும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் வாசலைக் காடாக்குகிறாய்?" என்று நேற்றே கேட்டுவிட்டார். கொசு வேறு. என்ன பதில் சொல்வது?

நிழல்மரம் எழுதியது:

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை. எலியும் தவளையும் ஒளிய இடமும்தான் அதை இழுக்கும். உடைந்த ஓடு, செங்கல் குவியல், குப்பை மேடு, இரவில் வெளியே கிடக்கும் மிச்சச் சாப்பாடு, இவற்றை வாசலருகே வைக்காதீர்கள். அடர்த்தியான செடிகளைச் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள், நடக்கும் வழியைத் திறந்து விடுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, மகளிடம் அதைச் சொல்லிவையுங்கள்.

கொசு தேங்கிய தண்ணீரில் பெருகுகிறது, செடியில் அல்ல. முட்டை கொசுவாக மாற வெயில் காலத்தில் ஒரு வாரம் வேண்டும். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு மாற்றுங்கள், தட்டில் கூழாங்கல் போட்டால் தேனீயும் மூழ்காமல் குடிக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே வழிதான் பலித்தது எனக்கு. பாத்தியின் ஓரத்தை நேராக வெட்டி, ஒரு வரிசைக் கல் பதித்தேன். உள்ளே செடி எப்படிச் சாய்ந்தாலும் ஓரம் சீராக இருந்தால், இது கவனிப்பாரற்ற இடமில்லை என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் முன்வரிசையில் வெட்சி. கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூக்கும், யாருக்கும் பிடிக்கும், இந்த மண்ணின் செடிதான்.

செம்மண் எழுதியது:

மூன்று நாளாக யோசித்தேன். உண்ணிச்செடியை எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரேயடியாக இல்லை. இப்போது தேன் குடிக்க வருகிறவை திடீரென்று எங்கே போகும்? பழம் பழுக்கும் முன் கொத்துகளை வெட்டிவிட்டு, பக்கத்தில் நொச்சியும் ஆவாரையும் வைத்து, அவை பூத்த பிறகு ஒவ்வொரு புதராக எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆவாரை, சரக்கொன்றை விதை முளைக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் இரண்டு மடங்கு உப்பியிருப்பதை மட்டும் நடுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டின் இலையையுமே கொன்றை வெள்ளையன் என்ற பட்டாம்பூச்சியின் புழு தின்னும்.

இன்னொரு விஷயம், தோட்டம் முழுக்க இலைச்சருகும் மரத்தூளும் போட்டு மூடிவிடாதீர்கள். உலகில் இருபதாயிரம் வகைத் தேனீக்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியாக மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுபவை. என் தோட்டத்தில் வெயில் படும் ஒரு மூலையை வெறும் மண்ணாக விட்டேன். பென்சில் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். காலையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

புதுத்துளிர் எழுதியது:

எங்கள் அடுக்ககத்தின் பின்னால் காலி மனை இருக்கிறது. மியாவாக்கி முறையில் நெருக்கமாக மரம் நட்டுவிடலாமா?

வேலிப்பருத்தி எழுதியது:

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி சொன்னதில் பலர் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்பது பிற்பாதி. முற்பாதி, அந்த இடத்தில் மனிதக் கை படாமல் இருந்தால் இயல்பாக எந்தக் காடு வளரும் என்று ஆராய்ந்து அந்த மரங்களை மட்டும் நடுவது. அந்த நிலம் இயல்பில் புதர்க்காடாகவோ புல்வெளியாகவோ இருந்திருந்தால் அங்கே மரத்தை அடைத்து வைப்பது உதவி அல்ல. புல்லிலும் குடியிருப்பவர்கள் உண்டு. சில்லைக் குருவிக்குப் புல்விதைதான் உணவு, கூடு கட்டவும் புல்தான். முதலில் ஒரு மழைக்காலம் அந்த மனையைச் சும்மா பார்த்துக்கொண்டிரு, தம்பி. என்ன முளைக்கிறது என்று எழுதி வை. மண்ணில் ஏற்கெனவே விதை உறங்கிக்கொண்டிருக்கலாம்.

மாடிக்காரி எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துப் பதினோராவது நாள், கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று துளிரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது. அது போனபின் பார்த்தால் வெளிர்மஞ்சளில் கடுகளவுக்கு ஏழு முட்டைகள். மகள் தரையில் உட்கார்ந்து ஏழையும் நோட்டில் வரைந்தாள். புழுக்கள் வந்தபோது பறவை எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன், நல்லவேளை அவள் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் அப்படி எச்சம் போல இருந்து, கடைசித் தடவை தோல் உரித்ததும் பச்சையாகிவிட்டது. இலைக்குச்சியால் லேசாகத் தொட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டியது. ஒரு நெடி வந்தது.

ஏழில் மூன்றைச் சின்ன வயதிலேயே காணோம். எறும்பாக இருக்கலாம். ஒன்றை என் கண்முன்னாலேயே கொண்டைக்குருவி தூக்கிப்போனது. மகள் அழுதாள். அப்புறம் எதிர்வீட்டு மரத்தில் அதன் கூடு இருப்பதைக் காட்டினேன், குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அழுகை நின்றது, ஆனால் சமாதானமாகவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மிச்சம் மூன்று கூடாகிவிட்டன. கறிவேப்பிலையில் காம்புகள்தான் நிற்கின்றன. மாமியார் சமையலுக்கு வெளியே வாங்கிக்கொள்கிறார், "அது சாப்பிடட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம். மூன்று கூடுகளில் ஒன்று இன்று காலை கறுத்துவிட்டது. செத்துவிட்டதா?

கூழாங்கல் எழுதியது:

கூட்டைத் தொடாமல், வெளிச்சம் அதன் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். உள்ளே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் நாளைக் காலைக்குள் வெளியே வரும். ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் புழுவுக்குள்ளோ கூட்டுக்குள்ளோ முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று அர்த்தம். அந்தக் குளவிக்கும் வேறு இடம் கிடையாது.

மாடிக்காரி எழுதியது:

ஓட்டை இல்லை. வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, ஓரத்தில் வரிசையாக. மகள் அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். ஆடுதின்னாப்பாலை விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பாத்தியில் காகிதப்பூ இருந்த மூலையைக் காலி செய்துவிட்டேன்.